காட்டுக்கும் ஒரு கணக்கு வேண்டும்!



காடு யாருடையது? இந்தக் கேள்வியை நம் கேண்டீனில் டீ குடித்துக்கொண்டிருக்கும் பத்துப் பேரிடம் கேட்டுப் பாருங்கள். பத்துப் பேரும் "கவர்மெண்டோடது" என்றுதான் சொல்வார்கள். சட்டப்படி அது சரிதான். காப்புக்காடு அரசின் உடைமை. ஆனால் அந்த அரசு யாருக்காக அதை வைத்திருக்கிறது? நமக்காக! சொத்து நம்முடையது, பார்த்துக்கொள்கிற பொறுப்பு அரசுடையது. நம் வீட்டுச் சொத்தை ஒருவர் பார்த்துக்கொள்கிறார் என்றால் வருடத்துக்கு ஒரு முறையாவது கணக்குக் கேட்போம் அல்லவா? காட்டுக்கு மட்டும் ஏன் கேட்பதில்லை?

"காடு எங்கேயோ மலைமேல இருக்கு, நமக்கும் அதுக்கும் என்னப்பா சம்பந்தம்?" என்று சிலர் நினைக்கலாம். கோவையில் குழாயைத் திறந்தால் வரும் பில்லூர்த் தண்ணீர், மலைக்காட்டிலும் புல்வெளியிலும் ஊறி பவானியில் இறங்கி வருகிற தண்ணீர். 1932-ல் ஓடத் தொடங்கிய பைக்காரா நீர்மின் நிலையம்தான் கோவை வட்டாரத்தில் பஞ்சாலைகள் பெருக வழி செய்தது. பஞ்சாலை பெருகியதால் பவுண்டரியும் மோட்டார் பம்ப் தொழிலும் வளர்ந்தன. அதனால்தான் இந்தப் பக்கம் இத்தனை பாலிடெக்னிக்குகள் இருக்கின்றன. மேலே காடு கெட்டால் கீழே நம் பட்டறையும் நிற்கும். இதுதான் சம்பந்தம்!

தொழிற்சாலைகளில் இப்போது சர்வசாதாரணமாகப் பேசப்படும் "சுற்றுச்சூழல் மேலாண்மை முறை" என்ற ஒழுங்கு, அரசுக் காடுகளுக்கும் வர வேண்டும் என்பது என் கருத்து. ஏன் வர வேண்டும், எப்படி வர வேண்டும், எப்படி வந்தால் உதவாது என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் சொல்லப் போகிறேன்.

அது என்ன முறை?

ஐ.எஸ்.ஓ. 9000 என்ற தரச் சான்று நமக்கு நன்றாகத் தெரியும். அதன் தம்பி ஐ.எஸ்.ஓ. 14001. முதன்முதலில் 1996-ல் வெளிவந்தது. பிறகு 2004-லும் 2015-லும் திருத்தப்பட்டது. ஒரு நிறுவனம் தன் வேலையால் காற்றுக்கும் தண்ணீருக்கும் மண்ணுக்கும் என்ன கேடு வருகிறது என்று தானே கண்டுபிடித்து, அதைக் குறைக்கத் திட்டம் போட்டு, குறைந்ததா என்று அளந்து பார்த்து, குறையவில்லை என்றால் வழியை மாற்றிக்கொள்ள வேண்டும். சுருக்கமாக நான்கே படி: திட்டமிடு, செய், சரிபார், திருத்து. திருத்தியபின் மறுபடி முதல் படி. சக்கரம் நிற்கவே கூடாது.

இதில் நமக்குப் புதிதாக ஒன்றும் இல்லை. ஒர்க்‌ஷாப்பில் லேத் மெஷினில் ஒரு ஜாப் செய்கிறோம். டிராயிங்கில் விட்டம் 25 மில்லிமீட்டர் என்று இருக்கிறது. கடைந்து முடித்ததும் "ஜாப் முடிஞ்சுது சார்" என்று கொடுத்துவிட முடியுமா? வெர்னியர் வைத்து அளப்பார்கள். டாலரன்ஸுக்குள் இல்லை என்றால் ஜாப் ரிஜெக்ட். "நான் மூணு மணி நேரம் வேலை செஞ்சேன் சார், எவ்வளவு பிசிறு எடுத்திருக்கேன் பாருங்க" என்று சொன்னால் யாராவது மார்க் போடுவார்களா? செலவழித்த நேரமும் குவிந்த பிசிறும் கணக்கில் வராது. ஜாப் சரியாக வந்ததா என்பதுதான் கணக்கு.

காட்டு வேலையில் பெரும்பாலும் எதைக் கணக்குக் காட்டுகிறார்கள்? இத்தனை லட்சம் கன்றுகள் நட்டோம், இத்தனை ஹெக்டேர் வேலை செய்தோம், இத்தனை கோடி செலவழித்தோம். இதெல்லாம் மூன்று மணி நேர உழைப்பும் குவிந்த பிசிறும்தான்! ஜாப் எப்படி வந்தது? ஓடையில் தண்ணீர் கூடியதா? நட்டதில் எத்தனை பிழைத்தது? புல்வெளி மீண்டதா? இந்தக் கேள்விகள்தான் வெர்னியர்.

இந்த முறை காட்டுக்குப் பொருந்துமா என்ற சந்தேகம் வேண்டாம். காட்டுத் துறை நிறுவனங்கள் 14001-ஐ எப்படிப் பயன்படுத்தலாம் என்று விளக்கும் தொழில்நுட்ப அறிக்கை ஒன்றை (எண் 14061) ஐ.எஸ்.ஓ. அமைப்பே 1998-ல் வெளியிட்டது. பிரிட்டனின் அரசுக் காடுகள் 1999-லேயே வெளியாரின் தணிக்கைக்கு உட்பட்டுச் சான்று பெற்றன. நம் நாட்டிலும் 2023 டிசம்பரில் மத்திய அரசு இந்திய வன மற்றும் மரச் சான்றளிப்புத் திட்டத்தை அறிவித்தது. ஆனால் அது விருப்பமிருந்தால் சேரலாம் என்ற வகை.

நம் காட்டில் திட்டமே இல்லையா?

இருக்கிறது. அதுவும் இன்று நேற்றல்ல! சென்னை மாகாணத்துக்கு முதல் வனப் பாதுகாவலராக கிளெக்ஹார்ன் 1856-ல் நியமிக்கப்பட்டார். இந்தியா முழுமைக்குமான வனத்துறை 1864-ல் பிராண்டிஸ் தலைமையில் உருவானது. சென்னை வனச்சட்டம் 1882-ல் வந்தது. அன்றிலிருந்து வனக் கோட்டங்களுக்குச் "செயல் திட்டம்" எழுதும் வழக்கம் வளர்ந்து வந்திருக்கிறது. பொதுவாகப் பத்து ஆண்டுகளுக்கு ஒரு திட்டம். எந்தப் பகுதியில் என்ன மரம், எப்போது வெட்டலாம், எங்கே நடலாம், எங்கே கை வைக்கவே கூடாது என்று எழுதி வைப்பார்கள்.

இந்தச் செயல் திட்டத்துக்கு உச்ச நீதிமன்றமே பலம் கொடுத்தது. கூடலூர்ப் பகுதியில் மரம் வெட்டப்படுவதை எதிர்த்து நிலம்பூரைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு 1995-ல் தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 12-ல் புகழ்பெற்ற உத்தரவு வந்தது. மத்திய அரசு ஒப்புக்கொண்ட செயல் திட்டப்படி அல்லாமல் நாட்டின் எந்தக் காட்டிலும் மரம் வெட்டக் கூடாது என்றது அந்த உத்தரவு. நம் பக்கத்து மலையில் பிறந்த வழக்கு இந்தியா முழுவதற்கும் சட்டமானது! அதன் பிறகு திட்டம் எழுதுவதற்கான தேசிய விதித்தொகுப்பு 2004-ல் வந்தது. 2014-லும் 2023-லும் அதைப் புதுப்பித்தார்கள்.

அப்படியானால் குறை எங்கே? நான்கு படிகளில் முதல் படி நம்மிடம் பலமாக இருக்கிறது. இரண்டாவது படி, பணம் வந்தால் நடக்கிறது. மூன்றாவதும் நான்காவதும்தான் நோஞ்சான்! பத்தாண்டுத் திட்டத்தில் ஒரு தவறு இருந்தால் அது தெரியவே பத்தாண்டு ஆகிறது. அதற்குள் அதிகாரிகள் எத்தனையோ முறை மாறியிருப்பார்கள். திட்டம் எழுதியவர் ஒருவர், செய்தவர் இன்னொருவர், விளைவைப் பார்த்தவர் மூன்றாமவர். யாரும் யாரிடமும் பதில் சொல்ல வேண்டியதில்லை. திட்டமோ தடித் தடிப் புத்தகமாக, ஆங்கிலத்தில், அலமாரியில் கிடக்கிறது. அந்தக் காட்டுக்குள் தினமும் நடக்கிற வனக்காப்பாளரோ, காட்டோரக் கிராமத்துக்காரரோ அதைப் படித்துப் புரிந்துகொள்ள வழியில்லை.

நீலகிரி சொல்லும் பாடம்

சரிபார்க்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு வேறெங்கும் போக வேண்டாம். நம் கண்ணெதிரே நீலகிரி இருக்கிறது.

நீலகிரியின் உச்சிப் பகுதி ஆதியில் சோலையும் புல்வெளியும் கலந்த நிலம். பள்ளங்களில் சோலைக் காடு, மேடுகளில் புல். மழையை வாங்கி வைத்துக்கொண்டு கோடையில் மெல்ல விடுகிற பஞ்சு மாதிரி அது. வெள்ளைக்காரர் கண்ணுக்கு அந்தப் புல்வெளி "சும்மா கிடக்கும் தரிசு" ஆகத் தெரிந்தது. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் விறகுக்காக ஆஸ்திரேலியாவிலிருந்து கற்பூர மரமும் சீகை மரமும் கொண்டு வந்து நட்டார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு நம் அரசும் அதே வழியில், இன்னும் வேகமாகப் போனது. தோல் பதனிடச் சீகைப் பட்டை, செயற்கை இழை ஆலைக்கு மரக்கூழ் என்று தொழில் வளர்ச்சிக்காக ஆயிரக்கணக்கான ஹெக்டேர் புல்வெளியில் மரம் நட்டார்கள். நட்டவர்கள் கெட்டவர்கள் இல்லை. நாடு முன்னேற வேண்டும் என்றுதான் நட்டார்கள். காடு வளர்த்தோம் என்ற பெருமையும் அவர்களுக்கு இருந்தது.

விளைவு என்ன? உதகையில் உள்ள மத்திய மண், நீர்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையம் கிளென்மார்கனில் ஓர் அருமையான சோதனை செய்தது. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சிறிய நீர்ப்பிடிப்புப் பகுதிகள். ஒன்றை இயற்கைப் புல்வெளியாகவே விட்டார்கள். மற்றொன்றின் பெரும்பகுதியில் 1970-களின் தொடக்கத்தில் கற்பூர மரம் நட்டார்கள். இரண்டிலிருந்தும் வெளியே ஓடி வரும் தண்ணீரை ஆண்டுக்கணக்கில் அளந்தார்கள். முதல் பத்தாண்டுச் சுழற்சியில் மரம் நட்ட பகுதியின் நீர்வரத்து சுமார் 16 சதவீதம் குறைந்தது. வெட்டிய அடிமரம் தழைத்து வந்த அடுத்த சுழற்சியில் இன்னும் அதிகமாகவே குறைந்தது. பவானித் தண்ணீரை நம்பி இருக்கிற ஊர்களுக்கு இது சின்ன விஷயமா? நீங்களே சொல்லுங்கள்!

இங்கேதான் நாம் கவனிக்க வேண்டும். அளவு இருந்தது! ஆராய்ச்சியாளர்கள் அளந்து சொன்னார்கள். ஆனால் "இந்த அளவு வந்தால் இந்தத் திட்டத்தை நிறுத்த வேண்டும்" என்று ஒரு விதி திட்டத்துக்குள் இல்லை. அளந்தது ஒரு அலுவலகம், நட்டது வேறொரு அலுவலகம். இரண்டையும் இணைக்கிற கம்பி இல்லை. மீட்டர் இருந்தது, ஃப்யூஸ் இல்லை! எலெக்ட்ரிக்கல் நண்பர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

காட்டின் முதல் வேலை சுற்றுச்சூழல் சமநிலையைக் காப்பதுதான், ஆலைக்கு மூலப்பொருள் கொடுப்பது அல்ல என்று 1988 தேசிய வனக் கொள்கை அறிவித்தது. ஆனால் சீகை அரசாங்க உத்தரவுக்குக் கட்டுப்படுகிற மரமா? அதன் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். தீ பட்டால் இன்னும் உற்சாகமாக முளைக்கும். நடாமலே புல்வெளிக்குள் பரவியது. சென்னை உயர் நீதிமன்றம் அந்நிய மரங்களை அகற்றச் சொல்லித் திரும்பத் திரும்ப அரசைக் கேட்க வேண்டி வந்தது. 2022-ல்தான் தமிழக அரசு ஊடுருவும் அந்நியத் தாவரங்களை அகற்றி இயற்கை வாழிடங்களை மீட்பதற்கென்றே ஒரு கொள்கையை வெளியிட்டது. முதுமலையில் பரவிய மஞ்சள் கொன்றையை வெட்டி, டி.என்.பி.எல். காகித ஆலையின் கூழுக்கு அனுப்பும் வேலையும் தொடங்கியது. நட ஒரு தலைமுறை செலவு, பிடுங்க இன்னொரு தலைமுறை செலவு! இரண்டும் நம் வரிப்பணம்.

இன்னொன்றும் உண்டு. அந்தப் புல்வெளியில் தலைமுறை தலைமுறையாக எருமை மேய்த்தவர்கள் தோடர்கள். எந்தப் புல் எங்கே வளரும், எந்த ஓடை எந்த மாதம் வற்றும் என்று அவர்களுக்குத் தெரியும். அவர்களுடைய மேய்ச்சல் நிலத்தில்தான் மரம் நட்டார்கள். "உங்க கருத்து என்னங்க?" என்று அவர்களைக் கேட்க வேண்டும் என்று எந்தத் திட்டமும் அன்று கட்டாயப்படுத்தவில்லை. 14001 முறையில் பாதிக்கப்படுகிறவர்களின் தேவையைத் தெரிந்துகொள்வது நிறுவனத்தின் கடமை. அந்த ஒரு விதி அன்று இருந்திருந்தால் பாதித் தவறு நடந்திருக்காது என்பது என் எண்ணம்.

எண்ணிக்கை மயக்கம்

"அதெல்லாம் பழைய கதை, இப்ப திருந்திட்டாங்க" என்று சொல்லலாம். திருந்தியது உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் எண்ணிக்கை மயக்கம் மட்டும் போகவில்லை.

நம் மாநிலத்தில் வனப் பரப்பு சுமார் 20 சதவீதம். 2022 செப்டம்பரில் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கம், காட்டையும் காட்டுக்கு வெளியே உள்ள மரங்களையும் சேர்த்து 33 சதவீதத்தை எட்ட வேண்டும் என்கிறது. நல்ல நோக்கம்! ஆனால் இந்தச் சதவீதத்தை எப்படிக் கணக்கிடுகிறார்கள் தெரியுமா? இந்திய வன அளவாய்வு நிறுவனம் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து, ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில் மர விதானம் 10 சதவீதத்துக்கு மேல் இருந்தால் அதை வனப் பரப்பு என்று எடுத்துக்கொள்கிறது. என்ன மரம், யாருடைய நிலம் என்ற கேள்வி இல்லை. தென்னந்தோப்பும் வரலாம், கற்பூர மரத் தோட்டமும் வரலாம். நாடு முழுவதையும் ஒரே அளவுகோலால் பார்க்க அது வசதியான முறை. அதில் தப்பில்லை. ஆனால் ஒரு குறிப்பிட்ட காடு நலமாக இருக்கிறதா என்று அந்த எண் சொல்லாது. நீலகிரியில் சீகையை வெட்டிப் புல்வெளியை மீட்டால் இந்தக் கணக்கில் காடு குறைந்ததாகத்தான் வரும்! நல்லது செய்தவருக்குக் கெட்ட மார்க்.

டெம்பரேச்சர் பார்க்க வேண்டிய இடத்தில் பிரஷர் கேஜ் மாட்டினால் என்ன பிரயோஜனம்? ஒவ்வொரு காட்டுக்கும் அதற்கேற்ற அளவுகோல் வேண்டும். சோலைப் புல்வெளிக்குத் தண்ணீர் அளவு. ஜவ்வாது மலை, பச்சை மலை போன்ற கிழக்குத் தொடர்ச்சி மலைக்காடுகளுக்கு இயற்கையாக முளைத்து வரும் கன்றுகளின் எண்ணிக்கை. முதுமலைக்கு உண்ணிச் செடி எவ்வளவு தூரம் பரவியது என்ற கணக்கு. இப்படிப் பிரித்துப் பார்த்தால்தான் உண்மை வெளியே வரும்.

தீ பிடித்த பிறகு கிணறு வெட்டுவதா?

2018 மார்ச் 11. தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி, மலையேற வந்த 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். பெரும்பாலும் இளைஞர்கள், நம்மை விடச் சில வயது மூத்தவர்கள். அந்தச் செய்தியைப் படித்த யாருக்கும் மனசு பதறாமல் இருந்திருக்காது.

அதன் பிறகு மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. யார் போகலாம், எந்தப் பாதையில் போகலாம், கூட யார் வர வேண்டும் என்று வரையறுத்தார்கள். நல்லது. ஆனால் 14001 முறையில் "அவசர நிலைத் தயாரிப்பு" என்பது விபத்துக்கு முன்னால் செய்ய வேண்டிய பாடம். கோடை வரும் முன் தீத்தடுப்புக் கோடு வெட்டியாயிற்றா? எந்த நாளில் எந்தப் பாதையை மூட வேண்டும்? காட்டுக்குள் இப்போது எத்தனை பேர் இருக்கிறார்கள் என்ற கணக்கு சரக அலுவலகத்தில் இருக்கிறதா? தீ வந்தால் யார் யாருக்குப் போன் செய்ய வேண்டும்? வருடத்துக்கு ஒரு முறை ஒத்திகை நடக்கிறதா? செயற்கைக்கோள் மூலம் தீ எச்சரிக்கை செல்போனுக்கே வருகிற காலம் இது. தகவல் வந்து சேர்ந்துவிடும். வந்த தகவலைக் கொண்டு யார், எத்தனை நிமிடத்தில், என்ன செய்ய வேண்டும் என்று எழுதி வைத்துப் பழகியிருக்க வேண்டும். நம் ஒர்க்‌ஷாப் வாசலில் மணல் வாளி தொங்குவது தீ பிடித்த பிறகு வாங்குவதற்கு அல்லவே!

போர்டு மாட்டினால் போதுமா?

இந்த இடத்தில் ஒரு நியாயமான எதிர்ப்பு வரும். "ஐ.எஸ்.ஓ. போர்டு மாட்டின கம்பெனியெல்லாம் யோக்கியமா? கன்சல்டன்டைக் கூப்பிட்டு, பைல் ரெடி பண்ணி, ஆடிட்டருக்கு நல்ல சாப்பாடு போட்டா சர்டிபிகேட் வந்துடும்!"

இதை நான் மறுக்க மாட்டேன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. நொய்யல் ஆற்றைப் பாருங்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இருந்தது, விதிகள் இருந்தன, சுத்திகரிப்பு நிலையங்கள் இருந்தன, பதிவேடுகள் இருந்தன. ஆறு மட்டும் கலர் கலராக ஓடியது! ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே விவசாயம் நாசமானது. கடைசியில் 2011 ஜனவரியில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டியதாயிற்று. காட்டு விஷயத்திலும் இப்படி நடந்திருக்கிறது. ஆஸ்திரேலியாவில் டாஸ்மேனியா மாநில அரசுக் காடுகளை நிர்வகித்த நிறுவனம் 14001 சான்று பெற்றிருந்தது. ஆனாலும் பழமையான காடுகளை வெட்டுவது பற்றிய சண்டை அங்கே ஓயவில்லை. ஏனென்றால் "எதற்காகக் காடு?" என்ற முதல் கேள்விக்கு 14001 பதில் சொல்லாது. நீ வைத்துக்கொண்ட இலக்கை ஒழுங்காக நோக்கிப் போகிறாயா என்று மட்டும்தான் அது பார்க்கும். இலக்கே தப்பாக இருந்தால் ஒழுங்காகத் தப்புச் செய்யவும் அது உதவும்!

ஆகவே தனியார் ஆடிட்டர் கொடுக்கும் சான்றிதழை நம்பி இதைக் கேட்கவில்லை. முறையின் எலும்புக்கூட்டை எடுத்துக்கொள்வோம். சரிபார்க்கும் அதிகாரத்தை மட்டும் அந்தக் காட்டோடு வாழ்கிறவர்களிடம் கொடுப்போம். தண்ணீர் வற்றினால் முதலில் தெரிவது அவர்களுக்குத்தான். அவர்களுக்கு யாரும் சாப்பாடு போட்டுச் சமாளிக்க முடியாது!

இதற்குச் சட்டமும் இடம் கொடுக்கிறது. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் தன் பகுதிக் காட்டையும் நீர்ப்பிடிப்பையும் காக்கும் அதிகாரத்தைக் கிராம சபைக்குத் தருகிறது. ஜப்பானியக் கடனுதவியில் 1997-ல் தொடங்கிய தமிழ்நாடு காடு வளர்ப்புத் திட்டத்தில் கிராம வனக் குழுக்கள் அமைக்கப்பட்டன. மக்களைச் சேர்த்துக்கொண்டு காட்டைப் பார்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் நம் வனத்துறைக்குப் புதிதல்ல. திட்டமும் பணமும் முடிந்த பிறகு அந்தக் குழுக்களில் எத்தனை இன்றும் தவறாமல் கூடுகின்றன என்பதுதான் கேள்வி.

என்ன செய்யலாம்?

எல்லாக் காட்டிலும் ஒரே நாளில் ஆரம்பிக்க வேண்டாம். இரண்டு மூன்று வனக் கோட்டங்களில் தொடங்கலாம். நான் முன்வைப்பது இவைதான்.

1. ஒரு பக்கக் கொள்கை. "இந்தக் காடு முதலில் எதற்கு?" என்று ஒவ்வொரு கோட்டமும் ஒரே பக்கத்தில், தமிழில் எழுதிச் சரக அலுவலக வாசலில் ஒட்ட வேண்டும். தண்ணீருக்கா, வனவிலங்குக்கா, மக்களின் விறகுக்கும் சிறு வன மகசூலுக்கும் உரியதா? எல்லாவற்றுக்கும் என்று மழுப்பக் கூடாது. எது முதலில் என்பதைச் சொல்ல வேண்டும்.

2. வேலை – விளைவுப் பட்டியல். ரோடு போடுவது, கன்று நடுவது, சுற்றுலாப் பயணிகளை விடுவது, தீத்தடுப்புக் கோடு வெட்டுவது என ஒவ்வொரு வேலைக்கும் எதிரே, அதனால் தண்ணீருக்கு, மண்ணுக்கு, விலங்குக்கு, மனிதருக்கு என்ன வரும் என்று எழுத வேண்டும். பெரிய பாதிப்பு உள்ளவற்றை முதலில் கவனிக்க வேண்டும்.

3. நட்டதை அல்ல, பிழைத்ததை எண்ணு. மூன்றாம் ஆண்டிலும் ஐந்தாம் ஆண்டிலும் உயிரோடு இருக்கும் கன்றுகளை எண்ணி, அந்த எண்ணைத்தான் அறிக்கையில் முதல் வரியாகப் போட வேண்டும்.

4. நிலையான அளவு இடங்கள். குறிப்பிட்ட ஓடைகளில் நீரளவு, குறிப்பிட்ட இடத்தில் நின்று ஆண்டுதோறும் ஒரே மாதத்தில் எடுக்கும் போட்டோ, குறிப்பிட்ட சதுரங்களில் செடிகளின் கணக்கு. கருவி பெரிதாக வேண்டாம். விடாமல் செய்வதுதான் பெரிது.

5. நிறுத்தும் விதி. அளவு இந்த எல்லையைத் தாண்டினால் பத்தாண்டு முடியும்வரை காத்திருக்காமல் திட்டத்தை நடுவிலேயே திருத்த வேண்டும் என்று திட்டத்துக்குள்ளேயே எழுதி வைக்க வேண்டும். நான் சொன்ன ஃப்யூஸ் இதுதான்.

6. இரட்டைத் தணிக்கை. முதலில் பக்கத்துக் கோட்டத்து வனத்துறையினர் வந்து பார்க்கட்டும். பிறகு கிராம சபைப் பிரதிநிதிகளும், பழங்குடி மக்களும், ஒரு கல்லூரியும் சேர்ந்து பார்க்கட்டும். முடிவைக் கிராம சபையில் தமிழில் உரக்கப் படிக்க வேண்டும். புலிகள் காப்பகங்களை வெளியாட்களை வைத்து மதிப்பிடும் வழக்கம் 2006 முதலே நம் நாட்டில் இருக்கிறது. புலி இருக்கிற காட்டுக்கு உள்ள மரியாதை, புலி இல்லாத காட்டுக்கும் வேண்டாமா?

7. உண்மை சொன்னவரைத் தண்டிக்காதே. இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். "நட்ட ஆயிரத்தில் நானூறுதான் பிழைத்தது" என்று எழுதிய வனக்காப்பாளருக்கு மெமோ கொடுத்தால், அடுத்த வருடம் அவர் என்ன எழுதுவார்? "ஆயிரமும் நலம்" என்றுதானே! மழை பொய்த்ததா, கன்று தப்பா, இடம் தப்பா, மாடு மேய்ந்ததா என்று காரணத்தைத் தேட வேண்டும். பயம் இருக்கிற இடத்தில் கணக்கு பொய் சொல்லும். மழையிலும் யானைக்கு நடுவிலும் நடந்து போய் எழுதுகிறவர் அவர். தினக்கூலி போல வேலை பார்க்கும் வேட்டைத் தடுப்புக் காவலர்களுக்கு நல்ல ஷூவும் நிரந்தர வேலையும் கிடைப்பதும் இந்த முறையில் ஒரு பகுதிதான். அளக்கிற கை உறுதியாக இருந்தால்தான் அளவு உறுதியாக இருக்கும்.

"இதுக்கெல்லாம் காசு?" என்று கேட்பீர்கள். தவறான மரத்தை நட்டு, அறுபது வருடம் கழித்துப் பிடுங்குவதற்கு ஆகும் செலவை ஒரு பக்கம் வையுங்கள். ஓடையில் ஒரு அளவுகோல் நட்டு, மாதம் நான்கு முறை படித்து எழுதுவதற்கு ஆகும் செலவை மறுபக்கம் வையுங்கள். விடை உங்களுக்கே தெரியும்.

நமக்கு என்ன வேலை?

இது வனத்துறை படித்தவர்களின் விஷயம், டிப்ளமோ மாணவர்களுக்கு இதில் என்ன வேலை என்று ஒதுங்க வேண்டாம். சொல்லப்போனால் நம் கைக்கு ஏற்ற வேலை இதில்தான் நிறைய இருக்கிறது.

சிவில் நண்பர்களே, ஹைட்ராலிக்ஸ் லேபில் வி-நாட்ச் வைத்து நீரோட்டம் அளந்து ரெக்கார்டு எழுதுகிறீர்கள். அதே வி-நாட்ச் ஒரு மலை ஓடையில் நின்றால் அது காட்டின் நாடித் துடிப்பைச் சொல்லும். மெக்கானிக்கல் நண்பர்களே, துருப்பிடிக்காத மழைமானியும் நீர்மட்ட அளவுகோலும் நம் பட்டறையிலேயே செய்யக்கூடியவை. எலெக்ட்ரானிக்ஸ், கம்ப்யூட்டர் நண்பர்களே, ஓடை அளவைத் தானாகப் பதிவு செய்யும் சிறு கருவியும், வனக்காப்பாளர் தமிழிலேயே விவரம் பதிய ஒரு செயலியும் செய்வது உங்களுக்கு ஃபைனல் இயர் பிராஜெக்ட் அளவு வேலைதான். கடையில் வாங்கிய பிராஜெக்டைச் சமர்ப்பிப்பதை விட இது எவ்வளவோ மேல்!

நம் மாணவர் பேரவைக்கும் ஒரு வேண்டுகோள். என்.எஸ்.எஸ். முகாமில் கன்று நடும்போதே ஒவ்வொன்றுக்கும் எண் போடுவோம். மூன்றாம் ஆண்டு போய் எண்ணும் பொறுப்பை ஜூனியர் செட்டிடம் எழுத்து மூலமாக ஒப்படைப்போம். பிழைத்தது எத்தனை என்ற கணக்கை வருடா வருடம் இதே மலரில் அச்சிடுவோம். பத்தில் மூன்றுதான் பிழைத்தது என்றால் அதையும் வெட்கப்படாமல் போடுவோம். நம் கணக்கை நாம் நேர்மையாகக் காட்டினால்தான் அரசிடம் கணக்குக் கேட்கிற தகுதி நமக்கு வரும்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றார்கள் பெரியவர்கள். காட்டில் நட்டாலும் எண்ணி நடுவோம், நட்ட பிறகும் போய் எண்ணுவோம். சொத்து நம்முடையது. கணக்குக் கேட்போம், கணக்கு எழுதவும் துணை நிற்போம்!

— இறுதியாண்டு மாணவன், இயந்திரவியல் பிரிவு